நடைக்கு மாத்திரை ஆரம்பிக்கும் முன் ஒரு ஸ்டாப்வாட்ச்

குடியாத்தத்தில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு 58 வயது, எடை 48 கிலோ, 14 வருடமாக மல்டிபிள் ஸ்க்லரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ். வீட்டுக்குள் கைத்தடி பிடித்து நடக்கிறார், தெருமுனைக்குப் போக யாராவது கை கொடுக்க வேண்டும். நரம்பு டாக்டர் போன வாரம் நடைக்கென்று ஃபாம்பிரிடின் 10 மில்லிகிராம் எழுதிக் கொடுத்திருக்கிறார். மருந்துக்கடையில் ஒருவர் "இது வலிப்பு கொண்டுவரும் மாத்திரை ஆச்சே" என்றாராம். பெங்களூரில் இருக்கும் மாமா ஒருவர், இதைச் சாப்பிட்டு எழுந்து நடந்த ஒரு பெண்ணின் வீடியோவை அனுப்பி, உடனே ஆரம்பி என்றாராம். ஆரம்பிக்கலாமா, ஆரம்பித்தால் வைகாசி ஒன்றாம் தேதி அம்மனின் சிரசு ஊர்வலம் வரும் திருவிழாவுக்குள் அம்மா கெங்கையம்மன் கோயில் வரை நடந்து வந்துவிடுவாரா என்பது கேள்வி.

நான் வேலூரில் 23 வருடமாக பிசியோதெரபிஸ்ட். இந்த மாத்திரையை எழுதுவது டாக்டரின் வேலை, அதற்குள் நான் போக மாட்டேன். சாப்பிட்டவர்கள் என் எதிரே நடப்பார்கள், நான் கையில் ஸ்டாப்வாட்ச்சோடு நிற்பேன். அந்த இடத்தில் இருந்து பார்த்ததையும், மருந்தின் குறிப்புத்தாளில் உள்ளதையும் சேர்த்துச் சொல்கிறேன் தம்பி. மருந்துக்கடைக்காரர் சொன்னதும் உண்மை, மாமா அனுப்பிய வீடியோவும் உண்மையாக இருக்கலாம். இரண்டில் எது உங்கள் அம்மாவுக்குப் பொருந்தும் என்பதை வீட்டிலேயே ஒரு மாதத்தில் தெரிந்துகொள்ளலாம்.

முதலில் இது என்ன செய்கிறது என்று பார்ப்போம். எம்.எஸ். வந்தவர்களுக்கு நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறை அங்கங்கே அரித்துப்போகும். நம்ம பக்கம் ஏரிப் பாசனம் பார்த்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். மதகைத் திறந்தால் தண்ணீர் வாய்க்காலில் ஓடி கடைமடை வயலுக்குப் போய்ச் சேர வேண்டும். வழியில் கரை உடைந்திருந்தால் அங்கேயே கசிந்து போய்விடும், கடைமடைக்காரன் வெறும் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நிற்பான். மூளையில் இருந்து கிளம்பும் கட்டளைக்குக் கால்தான் கடைமடை. உறை போன இடத்தில் பொட்டாசியம் வெளியேறும் வாசல்கள் மறைப்பில்லாமல் திறந்து கிடக்கும், அங்கே மின்சைகை வலுவிழந்துவிடும். ஃபாம்பிரிடின் அந்த வாசல்களை அடைக்கிறது. உடைப்பில் மணல் மூட்டை போடுவது மாதிரி. கட்டளை முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காலுக்குப் போய்ச் சேரும்.

மூட்டையை எடுத்துவிட்டால் பழையபடி கசியும். அதாவது மாத்திரையை நிறுத்தினால் ஓரிரு நாளில் பழைய நடைதான். கரையை இது கட்டித் தராது. இன்னொரு இடத்தில் கரை உடையாமல் காப்பதும் இதன் வேலை இல்லை. உங்கள் அம்மா நோயைக் கட்டுப்படுத்த ஊசியோ மாத்திரையோ எடுத்துக்கொண்டிருந்தால் அது அப்படியே தொடர வேண்டும். "நடைக்குத்தான் புது மாத்திரை வந்துவிட்டதே, அந்த விலை கூடிய ஊசி எதற்கு" என்று நிறுத்திய ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். அடுத்த வருடம் அந்த அண்ணன் என்னிடம் வந்தது சக்கர நாற்காலியில்.

இந்த மருந்தின் பழைய கதை விசித்திரமானது. இதே ரசாயனத்தை, 4-அமினோபிரிடின் என்ற பெயரில், அமெரிக்காவில் பறவைகளை விரட்டும் விஷமாகப் பயன்படுத்தினார்கள். அதைத் தின்ற பறவை வலிப்பு வந்து துடிக்கும், அதைப் பார்த்து மற்றவை பறந்துவிடும். அதே பொருளை மெதுவாகக் கரையும் மாத்திரையாக்கி, அளவைக் கட்டுக்குள் வைத்து, 2010 ஜனவரியில் அமெரிக்காவில் எம்.எஸ். நடைக்கு அனுமதித்தார்கள். அடுத்த வருடம் ஐரோப்பாவிலும் வந்தது. அமெரிக்காவில் டால்ஃபாம்பிரிடின் என்ற பெயர், மற்ற இடங்களில் ஃபாம்பிரிடின். இரண்டும் ஒன்றே. அட்டையில் வேறு பெயர் இருக்கிறதே என்று குழம்பி இரண்டையும் சேர்த்து எடுத்துவிடாதீர்கள்.

பறவைக் கதையைச் சொல்லி உங்களைப் பயமுறுத்துவது நோக்கம் இல்லை. பலன் தரும் அளவும் வலிப்பு தரும் அளவும் இந்த மருந்தில் அதிக தூரத்தில் இல்லை, அதைத்தான் சொல்ல வந்தேன். உடைப்பை மட்டும் பார்த்து அடைக்கும் அறிவு மாத்திரைக்குக் கிடையாது. நல்ல நரம்பிலும் மூளையிலும் உள்ள வாசல்களையும் அடைக்கும். ரத்தத்தில் அளவு ஏறினால் மூளை தேவைக்கு மேல் கிளர்ந்துவிடும், வலிப்பு வரும். அதனால்தான் ஒரு வேளைக்கு 10 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒன்று, 24 மணி நேரத்தில் இரண்டுக்கு மேல் கூடாது என்று இவ்வளவு கறாராக இருக்கிறார்கள். முன்பு ஒரு தடவையாவது வலிப்பு வந்தவர்களுக்கு இந்த மாத்திரையே கிடையாது. அம்மாவுக்குச் சின்ன வயதில், காய்ச்சலில், பிரசவ நேரத்தில் எப்போதாவது வலிப்பு வெட்டு வந்ததா என்று பாட்டியையோ பெரியம்மாவையோ கேளுங்கள். டாக்டர் கேட்கும்போது நோயாளிகள் பெரும்பாலும் "இல்லை" என்று சொல்லிவிடுவார்கள். வெட்கம் ஒரு காரணம், மறந்துபோனது இன்னொரு காரணம்.

அடுத்து சிறுநீரகம். இந்த மருந்து பெரும்பாலும் சிறுநீர் வழியாகவே வெளியே போகிறது. சிறுநீரகம் மந்தமாக இருந்தால் காலையில் எடுத்தது கழிவதற்குள் மாலை மாத்திரை வந்து சேரும், அளவு ஏறிக்கொண்டே போகும். கிரியேட்டினின் என்பது தசையில் இருந்து ரத்தத்தில் சேரும் கழிவு, சிறுநீரகம் அதை எவ்வளவு வேகமாக வடிகட்டுகிறது என்பதுதான் கிரியேட்டினின் கிளியரன்ஸ். அது நிமிடத்துக்கு 50 மில்லிலிட்டரோ அதற்குக் குறைவோ என்றால் கொடுக்கக்கூடாது என்பது குறிப்புத்தாளில் உள்ள விதி.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் நான் பார்த்த வரையில் வீட்டில் இருப்பவர்கள் கோட்டை விடுவது இந்த இடத்தில். லேப் ரிப்போர்ட்டில் கிரியேட்டினின் 1.0 என்று இருக்கும், பக்கத்தில் 'நார்மல்' வரம்பு போட்டிருக்கும், அதற்குள் இருக்கிறது என்று மடித்து வைத்துவிடுவோம். அந்த எண் மட்டும் போதாது. வயதையும் எடையையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். 140இல் இருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, அதை 72 பெருக்கல் கிரியேட்டினினால் வகுத்து, பெண் என்றால் 0.85ஆல் பெருக்க வேண்டும். உங்கள் அம்மாவுக்கே போட்டுப் பார்க்கிறேன். 58 வயது, 48 கிலோ. கிரியேட்டினின் 0.8 என்றால் விடை சுமார் 58 வருகிறது. அதே அம்மாவுக்கு 1.0 என்றால் 46. ரிப்போர்ட்டில் இரண்டுமே நார்மல்தான். ஆனால் 58 வந்தால் கவனமாக ஆரம்பிக்கலாம், 46 வந்தால் ஆரம்பிக்கவே கூடாது. பல வருடம் நடக்காமல் தசை கரைந்தவர்களுக்கு கிரியேட்டினின் இயல்பாகவே குறைவாகக் காட்டும், அதனால் கணக்கில் வரும் 58கூட உண்மையில் இன்னும் குறைவாக இருக்க வாய்ப்பு உண்டு. கேள்வியில் நீங்கள் கிரியேட்டினின் எழுதவில்லை. ரிப்போர்ட் பழையது என்றால் புதிதாக ஒன்று எடுத்து, "கிளியரன்ஸ் எவ்வளவு வருகிறது" என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். அப்புறம் வருடத்துக்கு ஒரு தடவையாவது பார்க்க வேண்டும்.

கூட என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், பிரஷருக்கோ படபடப்புக்கோ ப்ரோப்ரனலால், கார்வெடிலால், வயிற்றுக்கு சிமெடிடின், வலிக்கு ட்ராமடால், மன அழுத்தத்துக்கான சில மாத்திரைகள் எல்லாம் டாக்டர் தெரிந்துகொள்ள வேண்டியவை. சில, மருந்து வெளியேறும் வழியில் நெரிசல் உண்டாக்கும். சில, வலிப்பு சுலபமாக வரும்படி செய்துவிடும். இதயத் துடிப்பில் கோளாறு இருந்தாலும், முகத்தில் மின்னல் வெட்டுகிற மாதிரி நரம்பு வலி எப்போதாவது வந்திருந்தாலும் சொல்லுங்கள், அந்த வலி இதனால் திரும்ப வருவது உண்டு.

சரி, இதெல்லாம் தேறிவிட்டது, டாக்டரும் ஆரம்பிக்கலாம் என்கிறார். உடனே மாத்திரையைப் பிரித்துவிடாதீர்கள். இரண்டு வாரம் பொறுங்கள். பொறுப்பதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், அளந்துவிட்டு ஆரம்பிக்கிறோம் என்றால் எந்த நரம்பு டாக்டரும் சந்தோஷப்படுவார்.

எதற்காகச் சொல்கிறேன் என்றால், இது எல்லோருக்கும் வேலை செய்யும் மருந்து இல்லை. 2009இல் வெளிவந்த பெரிய ஆய்வில் 301 பேர் இருந்தார்கள். மருந்து எடுத்தவர்களில் 100க்கு 35 பேர்தான் நிச்சயமாக வேகமாக நடந்தார்கள். அடுத்து வந்த ஆய்வில் 43 பேர். பலன் கண்டவர்களின் வேகம் சராசரியாக நாலில் ஒரு பங்கு கூடியது. மருந்தே இல்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களிலும் 100க்கு 8, 9 பேர் இதே தேர்வில் பாஸ் ஆனார்கள். ஆக மூன்று பேர் ஆரம்பித்தால் ஒருவருக்கோ, கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்தால் அதற்கு மேலோ பலன். மாமா அனுப்பிய வீடியோவில் இருக்கும் பெண் அந்த ஒருவர். மற்ற இரண்டு பேர் வீடியோ எடுப்பதில்லை.

நான் இந்த வேலைக்கு வந்து சில வருடம் ஆனபோது ஒரு தப்பு செய்தேன். ஆற்காட்டில் இருந்து ஒரு டீச்சரம்மா வருவார். மாத்திரை ஆரம்பித்து பத்து நாள் கழித்து "ரொம்பப் பரவாயில்லை சார், கால் லேசாக இருக்கிறது" என்றார். நானும் சந்தோஷமாகத் தலையாட்டினேன், ஆரம்பிக்கும் முன் அளந்து வைக்கவில்லை. இரண்டு வருடம் மாதாமாதம் வாங்கிச் சாப்பிட்டார். ஒரு மழைக்காலத்தில் சரக்கு வராமல் பத்து நாள் நின்றுபோனது. அந்தப் பத்து நாளும் அவர் நடையில் எந்த மாற்றமும் இல்லை, அதற்குப் பிறகுதான் ஸ்டாப்வாட்சை எடுத்தேன். நம்பிக்கைக்காக அவர் கொடுத்த பணம் ஒரு பவுன் நகைக்கு ஆகியிருக்கும்.

அளப்பது எப்படி என்றால், ஆய்வுகளில் 25 அடி நடக்கச் சொல்வார்கள். நமக்கு வசதியான அளவு, அடிக்கோல் எல்லா வீட்டிலும் இருக்கிறது. உங்கள் ஊர்த் தறிக்காரர் தெருக்களில் பழைய வீடுகள் அகலம் குறைந்து, நடை, கூடம், புழக்கடை என்று நீளமாகப் போகும், 25 அடி வீட்டுக்குள்ளேயே கிடைத்துவிடும். தரையில் இரண்டு முனையிலும் சாக்பீஸ் கோடு. அம்மா முதல் கோட்டில் நிற்பார், "நடங்க" என்றதும் கால் தூக்கும் நொடியில் போன் ஸ்டாப்வாட்சை அமுக்குங்கள். கீழே விழாமல் எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக நடக்கட்டும். இரண்டாவது கோட்டைத் தாண்டியதும் நிறுத்துங்கள். கொஞ்சம் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு இன்னொரு தடவை. இரண்டின் சராசரியை நோட்டில் எழுதுங்கள். கோட்டிலேயே நின்றுவிடாமல், அதற்கு அப்பால் இரண்டடி போய் நிற்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் கடைசி அடியில் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். பக்கத்தில் கூடவே ஒருவர் நடக்க வேண்டும். கையைப் பிடிக்கக்கூடாது, விழுந்தால் தாங்கும் தூரத்தில் இருந்தால் போதும்.

எப்போதும் அதே செருப்பு, அதே கைத்தடி, அதே நேரம். இரண்டு வாரத்தில் நாலைந்து நாள் இப்படி எடுங்கள். எம்.எஸ். நடை ஒரு நாள் மாதிரி இன்னொரு நாள் இருக்காது, ஒரே நாளில் அளந்ததை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அந்த நாலைந்தில் மிகக் குறைந்த நொடி எதுவோ, அதை வட்டம் போட்டு வையுங்கள். மாத்திரை ஆரம்பித்த பிறகு அடுத்த இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் நாலு தடவை அளந்து, அதில் மூன்று தடவையாவது அந்த வட்டம் போட்ட எண்ணைத் தோற்கடிக்க வேண்டும். இது நானாகக் கண்டுபிடித்தது இல்லை, அந்த 301 பேர் ஆய்வில் பலன் இருக்கிறதா என்று பார்த்த முறையை வீட்டு அளவுக்குக் குறுக்கியது. அதோடு ஒரு கண்டிப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேகம் ஐந்தில் ஒரு பங்காவது கூடியிருந்தால்தான் வீட்டு நடமாட்டத்தில் வித்தியாசம் தெரியும். 14 நொடி எடுத்தவர் பதினொன்றரைக்குப் பக்கத்தில் வர வேண்டும். பதின்மூன்றரை வந்தால் அது காப்பி குடித்த சந்தோஷமாகவும் இருக்கலாம்.

எண்ணுக்கு வராத விஷயங்களும் உண்டு, அவற்றைத் தனியாக எழுதுங்கள். ராத்திரி பாத்ரூமுக்கு எத்தனை தடவை ஆளைக் கூப்பிட்டார், வாசல் நிலைப்படியில் கால் தட்டியதா, சமையலறையில் எவ்வளவு நேரம் நின்றார். நொடி குறையாமல் இவை மாறியதாக அம்மா உறுதியாகச் சொன்னால், டாக்டரிடம் அதையும் சொல்லலாம். என் சொந்த அபிப்பிராயம், நொடி குறையாத கேஸில் நான் அவ்வளவாக நம்ப மாட்டேன்.

இனி வெயில். இதை வேலூர்க்காரன் எழுதாமல் யார் எழுதுவது. உடம்புச் சூடு ஏறினால் எம்.எஸ். நரம்பில் சைகை இன்னும் மோசமாகக் கசியும். 1890லேயே உதாஃப் என்ற ஜெர்மன் கண் டாக்டர், உடம்பை வருத்தி உழைத்ததும் நோயாளிகளுக்குப் பார்வை மங்குவதைக் கவனித்து எழுதிவைத்தார், அதற்கு உடம்புச் சூடுதான் காரணம் என்று பின்னால் தெரிந்தது, இன்றும் அவர் பெயராலேயே அதைச் சொல்கிறார்கள். பார்வைக்கு நடப்பது காலுக்கும் நடக்கும். ஜெர்மனியிலேயே அப்படி என்றால் அக்னி நட்சத்திரத்தில் நம்ம ஊர் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். கோட்டையைச் சுற்றியிருக்கும் இந்த மலைகள் பகலெல்லாம் சூட்டை வாங்கி ராத்திரி திருப்பிக் கொடுக்கும், விடிகாலையில்கூட மின்விசிறிக் காற்று அனலாக வரும். மே மாதத்தில் என்னிடம் வருபவர்கள் எல்லோருமே ஜனவரியில் நடந்ததைவிட மெதுவாகத்தான் நடப்பார்கள்.

ஆகவே இந்தத் தேதிக் கணக்கு முக்கியம். சித்திரை வெயிலில் மாத்திரை இல்லாமல் அளந்து, ஆடியில் இரண்டு மழை விழுந்த பிறகு மாத்திரையோடு அளந்தால், வெறும் சாக்பீஸ் தின்றிருந்தாலும் வேகம் கூடியதாகத் தெரியும். மாசியில் அளந்து சித்திரையில் ஒப்பிட்டால், உண்மையிலேயே வேலை செய்யும் மாத்திரைகூடத் தோற்றதாகத் தெரியும். இப்போது மாசி நடக்கிறது, நல்ல நேரம். உடனே அளக்க ஆரம்பித்தால் மாத்திரை இல்லாத இரண்டு வாரமும் மாத்திரையோடு இரண்டு மூன்று வாரமும் பங்குனிக்குள் அடங்கிவிடும். அளப்பது காலை 7 மணிக்கு முன்பாக, குளிப்பதற்கு முன்பு இருக்கட்டும். சிலர் சுடுதண்ணீரில் குளித்த கையோடு எழுந்து நிற்கவே முடியாமல் தவிப்பார்கள், அதுவும் இந்தச் சூட்டுக் கதைதான்.

ஒரு விஷயத்தை இதோடு சேர்த்துப் பாருங்கள். அம்மாவின் நடை மெதுவாகப் பல வருடத்தில் குறைந்ததா, இல்லை போன பத்து நாளில் திடீரென்று விழுந்ததா? திடீரென்று என்றால் அது புதிய தாக்குதலாக இருக்கலாம், சிறுநீரில் கிருமியாக இருக்கலாம். முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். அந்தச் சமயத்தில் நடை மாத்திரை ஆரம்பிப்பது, கூரை ஒழுகும்போது சுவருக்கு வெள்ளை அடிப்பது மாதிரி.

மாத்திரை எடுக்கும் முறைக்கு வருவோம். காலை 6, மாலை 6 என்று வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி 9 மணிக்குத் தள்ளினால் சிலருக்குத் தூக்கம் போய்விடும். முழுதாக விழுங்க வேண்டும். உடைக்கக்கூடாது, மெல்லக்கூடாது, பொடி செய்து மோரில் கலக்கக்கூடாது. காசு மிச்சம் பிடிக்கப் பாதியாக உடைத்து இரண்டு வேளைக்கு வைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள், பிரஷர் மாத்திரையில் பழகிய பழக்கம். இதில் அது ஆபத்து. 12 மணி நேரம் மெதுவாகக் கரையும்படி கட்டி வைத்ததை உடைத்தால் மருந்து ஒரேயடியாக ரத்தத்தில் இறங்கும். கடையில் வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தால், அதுவும் மெதுவாகக் கரையும் வகைதானா என்று கேட்டு வாங்குங்கள். ஒரு வேளை மறந்துவிட்டால் அது போனது போனதுதான், அடுத்த வேளைக்கு ஒன்றே ஒன்று. மறந்ததை ஈடுகட்ட இரண்டு சேர்த்துப் போட்ட ஒரு பெரியவர் நடுங்கி, வேர்த்து, தலை சுற்றிப்போக, அவரைத் தூக்கிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். நல்லவேளை, வலிப்பு வரவில்லை. வீட்டில் இரண்டு பேர் மாத்திரை எடுத்துக் கொடுப்பதாக இருந்தால் காலண்டரில் டிக் அடியுங்கள், மருமகள் ஒன்று மகன் ஒன்று என்று இரண்டு தடவை கொடுத்துவிடுவது இப்படித்தான் நடக்கும். சாப்பாட்டைப் பொறுத்தவரை, அமெரிக்கக் குறிப்பில் எப்படி வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றும், ஐரோப்பியக் குறிப்பில் வெறும் வயிற்றில் என்றும் இருக்கிறது. டாக்டர் சொன்னபடி, தினமும் ஒரே மாதிரி எடுங்கள்.

முதல் வாரங்களில் தூக்கக் குறைவு, தலைசுற்றல், தலைவலி, குமட்டல், முதுகு வலி, அசதி வரலாம். பலருக்குத் தாங்கும் அளவில்தான் இருக்கும். எனக்குக் கவலை தருவது தள்ளாட்டம். முதல் நாலிலிருந்து எட்டு வாரம் தலைசுற்றலும் தடுமாற்றமும் கூடுதலாக இருக்கலாம். அதே சமயத்தில் கால் லேசாகிவிட்டது என்ற தைரியமும் வரும். இரண்டும் சேர்ந்தால் ஈரமான பாத்ரூம் தரையில் விழுந்து இடுப்பு எலும்பு போய்விடும். கைத்தடியை இப்போதைக்குக் கைவிடக்கூடாது. கைப்பிடிக் கம்பி ஒன்றைச் சுவரில் அடித்துவிடுங்கள், தெருமுனை வெல்டிங் பட்டறையில் செய்து தருவார்கள்.

சிறுநீர்த் தொற்றும் இதோடு கூடுதலாகப் பதிவாகியிருக்கிறது. ஆய்வுகளில் வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 100க்கு 8 பேர், மருந்து எடுத்தவர்களில் 12 பேர். எம்.எஸ். வந்த பெண்கள் பலருக்கு மூத்திரப் பை ஏற்கெனவே முழுதாகக் காலியாகாது. அடிக்கடி பாத்ரூம் போக வேண்டியிருக்கிறதே என்று தண்ணீர் குடிப்பதைக் குறைப்பார்கள். வெயில் காலத்தில் அது எங்கே போய் முடியும் என்றால், தண்ணீர் குறைந்து சிறுநீரகம் மந்தமாகி, கிருமியும் சேர்ந்து காய்ச்சலில் கால் இன்னும் தளர்ந்து, வெளியே போக வேண்டிய மருந்து உள்ளேயே தங்கும். ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டு வரும். எரிச்சல், காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு எது வந்தாலும் அன்றே டாக்டருக்கு போன் போட்டு, மாத்திரையைத் தொடரலாமா என்று கேளுங்கள். வலிப்பு வந்தால் கேட்க வேண்டியதில்லை, மாத்திரையை நிறுத்திவிட்டு 108ஐக் கூப்பிடுங்கள், அதன் பிறகு இந்த மாத்திரை வீட்டிலேயே இருக்கக்கூடாது. முகம், நாக்கு வீங்கி மூச்சு முட்டினாலும் அப்படியே.

நாலு வாரம் முடிந்து வட்டம் போட்ட எண்ணை அம்மா தாண்டவில்லை என்றால், நோட்டோடு டாக்டரிடம் போய் நிறுத்திவிடுங்கள். வருத்தப்பட ஒன்றும் இல்லை, மூன்றில் இரண்டு பேர் அந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள். தாண்டிவிட்டால் தொடருங்கள். பின்னால் எப்போதாவது பலன் குறைவதாகச் சந்தேகம் வந்தால், டாக்டரைக் கேட்டுக்கொண்டு சில நாள் நிறுத்தி அளந்து பார்க்கலாம், டீச்சரம்மா கதையில் தற்செயலாக நடந்ததை வேண்டுமென்றே செய்வது.

மாத்திரை வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் பயிற்சி வேண்டும். சொல்வது பிசியோதெரபிஸ்ட் என்பதால் தள்ளுபடி செய்துகொள்ளுங்கள், ஆனால் கூடுதலாக வந்து சேரும் அந்தக் கொஞ்சம் கட்டளையைப் பயன்படுத்தத் தசை இருக்க வேண்டுமே. வாய்க்காலில் தண்ணீர் வந்து என்ன, உழாத வயலில். கால் முன்பக்கம் தொங்கி நிலைப்படியில் இடிக்கிறது என்றால் பாதத்துக்கு ஒரு ஸ்ப்ளின்ட் போட்டாலே சிலருக்கு மாத்திரைக்குச் சமமான மாற்றம் தெரியும். கைத்தடி எந்தக் கையில் இருக்கிறது என்றும் பாருங்கள், பலவீனமான காலுக்கு எதிர்க் கையில் இருக்க வேண்டும். பாதிப் பேர் தப்பான கையில்தான் பிடிக்கிறார்கள். கால் விறைப்புக்கு பேக்லோஃபென் எடுப்பவர் என்றால் அளவு சரியா என்று கேளுங்கள். விறைப்பை ஒரேயடியாகக் குறைத்தால் அந்த விறைப்பிலேயே ஊன்றி நின்றவர்கள் துவண்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

குடியாத்தத்தில் இருந்து வேலூர் பாகாயம் ஒன்றும் தூரம் இல்லை. சி.எம்.சி. என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு மையம் அங்கேதான் இருக்கிறது, 1966இல் இருந்து. அதை உருவாக்கிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் ஒரு கார் விபத்தில் முதுகெலும்பு முறிந்து இரண்டு காலும் செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார், பிறகு நடக்க முடியாதவர்களை வாழவைக்கும் துறையையே இங்கே நிறுவினார். அங்கே போனால் நடையை மட்டும் பார்க்க மாட்டார்கள். மூத்திரம், படுக்கை, சமையலறை, வேலை எல்லாம் கேட்பார்கள். அரசு மருத்துவமனை வேண்டும் என்றால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் முதலில் விசாரித்துப் பார்க்கலாம். எம்.எஸ். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஒன்று, சான்றிதழ் வாங்காமல் இருந்தால் அந்த வேலையையும் சேர்த்து முடித்துவிடுங்கள்.

கடைசியாக சிரசு. வைகாசி ஒன்று என்பது அக்னி நட்சத்திரத்துக்கு நடுவில். அந்தக் கூட்டத்தில், அந்த வெயிலில், மாத்திரை கொடுத்ததை வெயில் பிடுங்கிக்கொள்ளும். அம்மா வீட்டுக் கூடத்தில் 11 நொடியில் நடந்தாலும் கோயில் தெருவில் நெரிசலுக்கு நடுவே அந்த நடை வராது. அதற்காக அவரை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். கவுண்டன்யா ஆற்றுப் பக்கம், ஊர்வலம் போகும் வழியில் சொந்தக்காரர் வீடு ஏதாவது இருக்கும். முதல் நாள் சாயங்காலமே அங்கே கூட்டிப்போய்த் தங்க வையுங்கள். நிழலான திண்ணையில் நாற்காலி, கழுத்தில் ஈரத்துண்டு, பக்கத்தில் தண்ணீர்ச் செம்பு, 6 மணி மாத்திரை உங்கள் சட்டைப் பையில். அம்மன் சிரசு எதிரே வரும்போது எழுந்து நின்று கும்பிட அவருக்கு நாலு அடி நடை போதும். கோயில் வரை நடப்பதை ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, மழை பெய்து தரை குளிர்ந்த காலையில், கூட்டம் வருவதற்கு முன் வைத்துக்கொள்ளலாம். அதற்கு முன் நோட்டில் என்ன எண் இருக்கிறது என்று எனக்கும் எழுதுங்கள்.